வாசலில் விழாத மாப்பிள்ளை

கொக்கராயம்பாளையத்து அதிகாலைச் சைக்கிள் சங்கத்தைப் பற்றி யாராவது உங்களிடம் குறையாகச் சொன்னால் நம்பாதீர்கள். நல்ல மனுசர்கள். ஒருத்தருக்கும் கெடுதல் நினைக்கமாட்டார்கள். கெடுதல் நினைப்பதற்கும் கொஞ்சம் யோசனை வேண்டும் அல்லவா? அந்தத் தொந்தரவெல்லாம் அவர்களுக்குக் கிடையாது.

சங்கத்தில் மொத்தம் நாலு பேர். தலைவர் நாச்சிமுத்து, தேங்காய்க் களம் வைத்திருப்பவர். வயதில் மூத்தவர் என்பதால் எல்லாருக்கும் அவர் அண்ணன். அடுத்தது பந்தல் கடை செங்கோடன். எதைச் செய்தாலும் "செய்யலாமுங்களா அண்ணா?" என்று கேட்டுவிட்டுத்தான் செய்வார். தும்மல் வந்தால்கூட ஒரு தரம் அண்ணன் முகத்தைப் பார்ப்பார். மூன்றாவது தெய்வசிகாமணி. காலேஜில் சேருவதற்காக அதன் வாசல் வரை போய்விட்டு வந்தவர், அதனால் சங்கத்தின் அறிவாளி. நாலாவது மாவு மில் சென்னியப்பன். இது அவனுக்குப் பெண் பார்க்கப் போன கதை.

ஆனால் பெண்ணுக்கு முன்னால் செருப்பைச் சொல்லியாக வேண்டும்.

போன வருசம் நாச்சிமுத்து கோயமுத்தூரில் ஒரு சைக்கிள் கடைக்குப் போய் நாலு பேருக்கும் கவ்வுச் செருப்பு வாங்கி வந்தார். பார்க்க ஷூ மாதிரிதான் இருக்கும், மேலே ஒட்டிப் பிரிக்கிற பட்டை. அடியில் ஓர் இரும்புத் துண்டு. அதைக் கவ்வுவதற்குப் பெடலில் ஒரு வாய். காலை வைத்து அழுத்தினால் 'டக்'. அப்புறம் காலும் பெடலும் புருசன் பெண்டாட்டி மாதிரி, ஒன்றை விட்டு ஒன்று போகாது. விடுவிக்க வேண்டுமென்றால் குதிகாலை வெளிப்பக்கமாகத் திருப்ப வேண்டும். கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார்: "நிறுத்தறதுக்கு முன்னாடி குதிகாலைத் திருப்பிடணும் சார். மறந்துட்டுத்தான் எல்லாரும் விழறாங்க. மறந்துராதீங்க."

'மறந்துராதீங்க' என்பது அண்ணன் மனசில் நன்றாகப் பதிந்துவிட்டது. ஊருக்கு வந்ததும் சங்கத்தைக் கூட்டினார்.

"நிறுத்தற நேரத்துல மனுசனுக்கு ஆயிரம் நெனப்பு இருக்கும். பஸ்ஸு வரும், மாடு வரும், மாமனாரு எதுக்க வருவாரு. கட்டாயம் மறந்துதான் போகும். என்ன பண்ணலாம்?"

தெய்வசிகாமணி கண்ணை மூடி யோசித்தார். "முன்னாடின்னுதானே சொன்னாங்க? எவ்வளவு முன்னாடின்னு சொல்லலையே. கெளம்பறப்பவே திருப்பிட்டா வேலை முடிஞ்சுது. அப்பறம் மறக்கறதுக்குன்னு ஒண்ணுமே இருக்காது பாருங்க."

"படிச்சவன் படிச்சவன்தான்," என்றார் அண்ணன்.

மறுநாள் விடியற்காலையில் களத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு பேரும் சைக்கிளில் ஏறினார்கள். டக் டக்கென்று மாட்டினார்கள். பயபக்தியோடு குதிகாலைத் திருப்பிக் காலை விடுவித்தார்கள். திருப்ப வேண்டியதைத் திருப்பியாகிவிட்டது என்ற நிம்மதியில் மறுபடி மாட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். நல்ல காற்று. வாய்க்கால் கரை ஓரமாகப் போய்த் திரும்பி, டீக்கடை முன்னால் அண்ணன் பிரேக் பிடித்தார். பின்னால் வந்த மூன்று பேரும் பிடித்தார்கள்.

நாலு சைக்கிளும் நின்றன. கொஞ்ச நேரம் நாலு பேரும் அவற்றின் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள், போட்டோவுக்கு நிற்பது மாதிரி. அப்புறம் அண்ணன் மெதுவாக இடது பக்கம் சாய்ந்தார். அவர் மேல் தெய்வசிகாமணி. அவர் மேல் சென்னியப்பன். செங்கோடன் மட்டும் "விழலாமுங்களா அண்ணா?" என்று கேட்டுக்கொண்டே விழுந்தார்.

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "எந்திரிச்சு வரீங்களா, இல்ல அங்கயே குடுத்துரட்டுங்களா?"

"அங்கயே குடுத்துருங்க."

கால்தான் பெடலில் மாட்டியிருக்கிறதே, எப்படி எழுவது? படுத்துக்கொண்டே டீயைக் குடித்தார்கள். குடித்த கையோடு ஆலோசனையும் நடந்தது.

"காலைல சரியாத் திருப்புனோமா?" என்றார் அண்ணன்.

"நல்லாத் திருப்புனோமுங்க."

"அப்ப பத்தல. நாளைக்கு இன்னும் கொஞ்சம் நெறையத் திருப்பணும்."

மறுநாள் நிறையத் திருப்பினார்கள். விழுந்தார்கள். அதற்கு மறுநாள் பிள்ளையார் கோயில் முன்னால் வைத்துத் திருப்பினார்கள். அன்றைக்குப் பிள்ளையார் கோயில் முன்னாலேயே விழுந்தார்கள், நிறுத்தியது அங்கேதான் என்பதால். எப்போதும் இடது பக்கமே விழுகிறோம் என்று தெய்வசிகாமணி கண்டுபிடித்து, செங்கோடன் கடையிலிருந்து கல்யாணத் திண்டுத் தலையணைகளைக் கொண்டுவந்து ஆளுக்கு ஒன்று இடுப்பில் இடது பக்கமாகக் கட்டிக்கொண்டு போனார்கள். தலையணை இடது பக்கம் முட்டுக் கொடுத்ததில் அன்றைக்கு நாலு பேரும் வலது பக்கம் விழுந்தார்கள். அந்தப் பக்கம் சாக்கடை.

சாக்கடையில் கிடந்தபோதுதான் அண்ணனுக்கு உண்மை விளங்கியது. அடிபட்டவர்களுக்கு மட்டும் வருகிற தெளிவு அது.

"ஏனப்பா, ஓட்டறப்ப நாம என்னிக்காச்சும் விழுந்திருக்கமா?"

எல்லாரும் யோசித்தார்கள். "இல்லீங்க அண்ணா."

"நிறுத்துனாத்தானே விழறோம்?"

"ஆமாங்க அண்ணா."

"அப்ப தப்பு செருப்புல இல்ல. நிறுத்தறதுலதான் இருக்குது. இன்னையிலிருந்து நம்ம சங்கத்துல யாரும் நிறுத்தக் கூடாது."

எல்லாரும் மலைத்துப் போனார்கள். இத்தனை நாள் இது தோன்றவில்லையே! செங்கோடனுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "அப்ப ஊட்டுக்கு எப்பிடிங்க அண்ணா போறது?"

அதற்கும் வழி செய்தார்கள். அண்ணன் வீட்டு வாசலில் மாட்டுக்குப் போட்டு வைத்திருந்த சோளத்தட்டுப் போர் ஒன்று, ஆள் உயரத்துக்கு மேல், மெத்தென்று இருந்தது. ஓட்டி முடித்ததும் நேராக அதற்குள் போய்ச் சொருகிக்கொள்வது. உள்ளேயிருந்து கூப்பிட்டால் அண்ணன் சம்சாரம் வந்து ஒவ்வொரு காலாக முறுக்கிப் பிடுங்கிவிடுவார். வாயில் வந்ததையும் சொல்லிக்கொண்டேதான் பிடுங்குவார், ஆனால் அது சங்கத்துக்குப் பழகிவிட்டது. மாடு மட்டும் கொஞ்ச நாள் தீனி தின்னப் பயந்தது, தட்டை இழுத்தால் ஆள் தலை வருகிறதே என்று.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தரகர் வந்தார்.

சென்னியப்பனுக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது. அம்மா போன பிறகு மில்லிலேயே ஒரு அடுப்பை வைத்துப் பொங்கித் தின்றுகொண்டிருந்தான். "தனியாத் தின்னு தின்னு சோத்துல உப்பு இருக்குதா இல்லையான்னே தெரியறதில்லீங்க," என்று ஒருநாள் அண்ணனிடம் சொல்லிவிட்டு, மாவு விழுந்த மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டான். வந்த இடமெல்லாம் தட்டிப் போயிருந்தது. இந்தத் தரகர் கொண்டுவந்த இடம் ஊஞ்சக்காட்டுப்புதூரில். பெண் பேர் சுகந்தி. ஸ்கூலில் விளையாட்டு டீச்சர். தரகர் அவளிடம் காட்டியது சென்னியப்பன் கவ்வுச் செருப்பும் தலைக்கவசமுமாகச் சைக்கிள் மேல் உட்கார்ந்திருக்கிற போட்டோ. சுவரைப் பிடித்துக்கொண்டிருந்த கை போட்டோவில் விழவில்லை.

"சைக்கிள் ஓட்டறவருங்களா? அப்ப சைக்கிள்லயே வரச் சொல்லுங்க, பார்க்கலாம்," என்று சுகந்தி சொல்லிவிட்டாளாம்.

சென்னியப்பனுக்கு அவள் போட்டோவைப் பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லை. மில்லில் ராகி அரைக்க வந்தவர்களுக்கு மிளகாயை அரைத்துக் கொடுத்தான்.

ஆனால் தரகர் ஒரு விசயத்தைத் தனியாக எச்சரித்தார். அந்த வீட்டில் தான் வைத்ததுதான் சட்டம் என்று ஓர் அத்தை இருக்கிறார், வள்ளியாத்தாள். சுகந்தியின் அப்பாவுக்கு அக்கா. சகுனத்தில் ரொம்பக் கறார். முன்னால் வந்த மாப்பிள்ளை ஒருத்தன் நிலைப்படியில் கால் இடறினான், திருப்பி அனுப்பிவிட்டார். இன்னொருத்தன் சாணி தெளித்த வாசலில் வழுக்கி உட்கார்ந்தான். எழுந்திரிப்பதற்குள் அவனுக்கும் 'போயிட்டு வாங்க' சொல்லிவிட்டார். "வாசல்ல விழுந்தவனுக்கு எங்கூட்டுப் பொண்ணு இல்ல," என்பது அவருடைய முடிவு. மாற்றமே கிடையாது.

சங்கம் அவசரமாகக் கூடியது.

"பேசாம அன்னிக்கு மட்டும் ரப்பர் செருப்புப் போட்டுட்டுப் போயிரட்டுங்களா?" என்றான் சென்னியப்பன். அவன் வாழ்நாளில் சொன்ன ஒரே புத்திசாலித்தனமான வார்த்தை இதுதான்.

தெய்வசிகாமணி ஒப்புக்கொள்ளவில்லை. "போட்டோவுல ஒரு செருப்பு, நேர்ல ஒரு செருப்பா? கல்யாணத்துக்கு முன்னாடியே பொய்யா? நாளைக்கு அந்தப் பொண்ணு கேட்டா என்ன சொல்லுவ?"

அண்ணன் தரகரைக் கேட்டார். "ஏனுங்க, அவங்க வாசல்ல தட்டுப்போர் இருக்குங்களா?"

மாப்பிள்ளை வீட்டார் வசதி விசாரிக்கிறார்கள் என்று தரகர் நினைத்துக்கொண்டார். "என்னங்க இப்பிடிக் கேட்டுட்டீங்க? கட்டுத்தறி நெறைய எருமை. போரு மலையாட்டம் வாசல்லயே நிக்குது."

"அப்ப கவலையே இல்ல. நேராப் போறோம், போருக்குள்ள பூந்துக்கறோம். பூந்துக்கறது வேற, விழறது வேற."

சென்னியப்பனுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

இனிமேல் சொல்லப்போவதெல்லாம் நான் கண்ணால் பார்த்ததில்லை. சுகந்தி வீட்டுக்கு அடுத்த வீட்டில் வாக்கப்பட்டிருக்கிற என் தங்கச்சி மொட்டைமாடியில் நின்று முழுசாகப் பார்த்தாள். வடகம் காயப்போட ஏறினவள், கடைசி வரை காயப்போடவே இல்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. நாலு பேரும் குளித்து, விபூதி பூசி, களத்துச் சுவரைப் பிடித்துக் குதிகாலைத் திருப்பிவிட்டுக் கிளம்பினார்கள். தட்டு, பழம், தேங்காய் எல்லாவற்றையும் தரகர் முன்னாலேயே பஸ்ஸில் கொண்டுபோய்விட்டார். சென்னியப்பன் முன்னால். பின்னால் அண்ணன், அறிவாளி, செங்கோடன். ஊஞ்சக்காட்டுப்புதூர் தெருவில் அவர்கள் வரிசையாக வந்த அழகை என் தங்கச்சி இன்றைக்கும் சொல்லுவாள்.

வாசல் வந்தது. போரைக் காணோம்.

மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்களே, வாசல் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டாமா என்று வள்ளியாத்தாள் முந்தின நாளே ஆள் விட்டுப் போரை அந்தப் பக்கமாகக் கொண்டுபோய்க் காட்டுக்குள் போட்டுவிட்டார். அது இருந்த இடத்தில் பெருசாக ஒரு கோலம். கோலத்துக்குப் பின்னால் அத்தை, சுகந்தியின் அப்பா, அம்மா, தரகர். எல்லாரும் கை கூப்பி, "வாங்க வாங்க!"

சென்னியப்பன் பிரேக்கிலிருந்து கையை எடுத்துவிட்டான். "வந்துட்டே இருக்கனுங்க!" என்று சொல்லிக்கொண்டே கோலத்தை ஒட்டித் திருப்பி, வீட்டுக்குப் பக்கவாட்டில் போய்விட்டான். பின்னால் மூன்று பேரும் கும்பிட்டுக்கொண்டே போய்விட்டார்கள். கிணற்றடி, கட்டுத்தறி, எலுமிச்சை மரம் என்று வீட்டைச் சுற்றி மறுபடி வாசலுக்கு வந்தார்கள்.

"எறங்குங்க மாப்ள," என்றார் சுகந்தியின் அப்பா.

"ஆகட்டுங்க மாமா," என்றுவிட்டு மறுபடி போனான்.

கட்டுத்தறிக்குப் பின்னால் ஓட்டிக்கொண்டே ஆலோசனை நடந்தது.

"அண்ணா, போரு இல்லீங்களே!"

"நானும் பார்த்தேன். நிறுத்தாத. நிறுத்துனா விழுந்துருவ. விழுந்தா பொண்ணு இல்ல."

"எவ்வளவு நேரமுங்க அண்ணா சுத்தறது?"

"போரு வர்ற வரைக்கும்," என்றார் தெய்வசிகாமணி.

வாசலில் வள்ளியாத்தாளுக்கு முகம் மாறியது. "என்னங்க தரகரே இது?"

தரகருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் தரகர் என்றால் அதைச் சொல்லிவிடக் கூடாது. "பொண்ணு எடுக்கற ஊட்டைச் சுத்திக் கும்புடறாங்கம்மா. அவங்க பக்கத்துல அப்பிடி ஒரு வழக்கம்."

அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பார்றா! இந்தக் காலத்துல இப்பிடியும் புள்ளைங்க இருக்குதுங்களா? நம்மூட்டுக்கு வந்தவன் எவனாச்சும் ஒரு சுத்து சுத்தியிருப்பானா?"

அப்புறம் என்ன, பெண் பார்க்கிற வைபவம் நடக்க வேண்டியபடி நடந்தது. அம்மா காபி கொண்டுவந்து கையை நீட்டிக்கொண்டு நின்றார். போகிற போக்கில் ஆளுக்கு ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த சுற்றில் காலி டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்கள். சர்க்கரை போதுமா என்று அம்மா ஒரு சுற்றில் கேட்டார், போதும் என்று அண்ணன் அடுத்த சுற்றில் சொன்னார். வீட்டு நாய் கொஞ்ச தூரம் கூடவே துரத்திக் குலைத்தது. சளைத்துப்போய் எலுமிச்சை நிழலில் படுத்து, அவர்கள் வரும்போது மட்டும் குலைத்தது. சுகந்தியின் அப்பா மரியாதைக்காகச் சைக்கிளைப் பிடிக்கப் போனார். "புடிச்சுராதீங்க மாமா! புடிச்சா நின்னுரும்!" என்று அண்ணன் போட்ட சத்தத்தில் அவர் பயந்து நகர்ந்துகொண்டார்.

சுகந்தி வாசலுக்கு வந்தாள். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ. சென்னியப்பன் அவளைப் பார்த்தான். பார்த்த பார்வையில் கிணற்றுக்குள் போய்விடுவான் போலிருந்தது, எப்படியோ திருப்பிக்கொண்டான்.

"பொண்ணும் பையனும் தனியாப் பேசணுமுன்னா பேசட்டும். இப்பெல்லாம் அதுதானே நடக்குது," என்றார் அப்பா.

விளையாட்டு டீச்சர் அல்லவா? புடவையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுகந்தி சைக்கிளுக்குப் பக்கத்தில் ஓட ஆரம்பித்தாள். நண்பர்கள் நாகரிகமாக ஒரு சைக்கிள் தூரம் பின்வாங்கிக்கொண்டார்கள்.

"ஏனுங்க, எதுக்கு நிறுத்தாமயே ஓட்டறீங்க?" என்று கேட்டாள்.

சென்னியப்பனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "நிறுத்துனா விழுந்துருவனுங்க."

அவள் அவன் காலைப் பார்த்தாள். "அட, கவ்வுற பெடல். நிறுத்தறதுக்கு முன்னாடி குதிகாலைத் திருப்பணுமுங்களே?"

"காலைல கெளம்பறப்பவே திருப்பிட்டனுங்க."

ஓடிக்கொண்டிருந்தவள் கட்டுத்தறித் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். எருமைகளெல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாளாம். எங்கள் மொட்டைமாடிக்கே கேட்டது என்றாள் தங்கச்சி. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஓடிப் பிடித்தாள்.

"இப்ப இன்னொருக்கா திருப்புங்க."

"வேண்டாமுங்க. திருப்புனதையே மறுக்கா திருப்புனா, காலைல திருப்புனது கலைஞ்சு போயிருமுன்னு அண்ணன் சொல்லியிருக்காருங்க."

"அண்ணன் வேற என்ன சொல்லியிருக்காரு?"

"வாசல்ல விழுந்தா உங்களைக் கட்டிக் குடுக்க மாட்டாங்கன்னு சொன்னாருங்க." கொஞ்சம் மிதித்துவிட்டுச் சொன்னான். "எனக்கு உங்களை ரொம்பப் புடிச்சிருக்குங்க. அதனாலதான் சுத்தறேன். கால் வலிக்குது. ஆனா சுத்துவனுங்க."

சுகந்தி புடவையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு கூடவே ஓடினாள். அத்தனை மாப்பிள்ளைகள் வந்து உட்கார்ந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போயிருக்கிறார்கள். அவளுக்காக ஒருத்தனும் கால் வலிக்கச் சுற்றியதில்லை.

"எங்க அத்தை கண்ணு முன்னாடி மட்டும் விழுந்துராதீங்க," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுச் சமையல்கட்டு வழியாக உள்ளே போய்விட்டாள்.

அதற்கு என்ன அர்த்தம் என்று சென்னியப்பனுக்குக்கூடப் புரிந்துவிட்டது. புரிந்ததும் பயம் ரெண்டு மடங்காகிவிட்டது. இனிமேல் விழவே கூடாது. ஆனால் தொடை நடுங்குகிறது, மூச்சு வாங்குகிறது, ஹேண்டில் தானாக ஆடுகிறது. கிணற்றடியில் ஒரு தரம் சாய்ந்து, அண்ணன் போட்ட அதட்டலில் நிமிர்ந்தான்.

"அண்ணா, இனி முடியாதுங்க அண்ணா."

"முடியும்டா கண்ணு. மிதி. அடுத்த தை மாசம் உனக்கு ஊட்டுச் சோறு. அதை நெனச்சுட்டு மிதி."

இந்த நேரத்தில் வள்ளியாத்தாள் கடியாரத்தைப் பார்த்தார். எமகண்டம் வந்துகொண்டிருந்தது. எழுந்து வாசல் நடுவில் வந்து நின்று, வருகிற எந்த விருந்தாளிக்கும் சொல்கிற அதே வார்த்தையைச் சத்தமாகச் சொன்னார்: "சுத்துனது போதும் மாப்ள. செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு உள்ள வாங்க."

சென்னியப்பன் பெரியவர்கள் பேச்சைத் தட்டியதே இல்லை. குனிந்தான். ஓட்டியபடியே இடது செருப்பின் பட்டையை 'பர்ர்' என்று இழுத்தான். வலது செருப்பையும் 'பர்ர்'. காலை உருவினான். செருப்பு இரண்டும் பெடலில் இருந்தபடியே இருந்தன. அத்தை சொன்ன இடத்துக்கு வந்ததும் சைக்கிளை விட்டு வெறுங்காலோடு கோலத்தின் மேல் இறங்கி நின்றான். சைக்கிள் அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு தனியாகப் போய், எருமைத் தண்ணித் தொட்டியில் முட்டிப் பொத்தென்று விழுந்தது.

எல்லாரும் அத்தையைப் பார்த்தார்கள்.

வள்ளியாத்தாள் சைக்கிளைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். "விழுந்தது சைக்கிளு. மாப்ள நிக்கறாரு. வந்த கண்டமெல்லாம் அதோட போச்சு," என்றார்.

சென்னியப்பன் தன் காலையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணா! நான் நிக்கறனுங்க அண்ணா! விழாம நிக்கறேன்!" அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் நின்ற சுகந்திக்கும் கண் கலங்கியது, சிரித்துக்கொண்டே.

மற்ற மூன்று பேரும் இதைப் பார்த்துக்கொண்டே அடுத்த சுற்றுக்குப் போனார்கள். கட்டுத்தறிப் பக்கம் செங்கோடன் கேட்டார், "நாமளும் செருப்பைக் கழட்டலாமுங்களா அண்ணா?"

அண்ணனுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். "மாப்ளையத்தானே உள்ள வரச் சொன்னாங்க? நம்மளை ஒரு வார்த்தை கூப்புடலையே. கூப்புடாத ஊட்டுக்குள்ள செருப்பைக் கழட்டிட்டுப் போய் நிக்கறதா?"

"மரியாதைன்னு ஒண்ணு இருக்குதல்ல," என்றார் தெய்வசிகாமணி.

ஆகவே சுற்றினார்கள். இரண்டு பக்கத்துக்கும் சம்மதம் என்று ஆனது. தட்டு மாற்ற வேண்டும். மாப்பிள்ளை பக்கம் பெரியவர் என்றால் நாச்சிமுத்துதான். சுகந்தியின் அப்பா வெற்றிலைபாக்குத் தட்டோடு வாசலில் காத்திருந்தார். அண்ணன் வந்த வேகத்தில் ஒரு கையால் தட்டை வாங்கித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கிணற்றடி வழியாக ஒரு முழுச் சுற்றுப் போய் வந்தார். அதைத் தரகரிடம் தள்ளிவிட்டு, அவர் நீட்டிய மாப்பிள்ளை வீட்டுத் தட்டைப் பிடுங்கி, அதற்கடுத்த சுற்றில் மாமனார் கையில் வைத்தார். போகிற வழியில் ஒரு வாழைப்பழத்தை எருமை எட்டிக் கவ்வியது தவிர வேறு சேதாரம் இல்லை.

"நிச்சயத் தட்டே ஊட்டைச் சுத்தி வந்துருச்சு. இதுக்கு மேல என்ன வேணும்?" என்று வள்ளியாத்தாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கிளம்புகிற நேரம். மாமனார் சைக்கிளைத் தொட்டியிலிருந்து எடுத்துவந்து பிடித்துக்கொண்டார். சென்னியப்பன் ஏறி உட்கார்ந்து, பெடலிலேயே இருந்த செருப்புக்குள் காலை விட்டுப் பட்டையை ஒட்டினான். அவர் ஒரு தள்ளுத் தள்ளிவிட, சுற்றிக்கொண்டிருந்த மூன்று பேரும் வந்து சேர்ந்துகொண்டார்கள். "போயிட்டு வரோமுங்க!" என்று நாலு பேரும் கும்பிட்டுத் தெருவில் இறங்கினார்கள். அத்தை வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஆடிவிடும்.

இதற்கு மேல் நடந்தது சுகந்தியே என் தங்கச்சியிடம் சொன்னது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சுகந்தி கவனித்தாள், மாப்பிள்ளையின் தலைக்கவசம் நாற்காலியிலேயே இருந்தது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். தெருவைத் தாண்டி, ஊர் எல்லையில் புளியமரத்துத் திருப்பத்துக்கு வந்தவள் சட்டென்று பிரேக் பிடித்தாள். ரோட்டு ஓரத்து மண்ணில் அவள் மாப்பிள்ளை சைக்கிளோடு படுத்துக் கிடந்தான். அவன் பக்கத்தில் நாச்சிமுத்து. அவர் பக்கத்தில் தெய்வசிகாமணி. முகத்தில் மட்டும் அப்படியொரு நிம்மதி.

"ஐயோ, என்னாச்சுங்க?"

"ஒண்ணும் ஆகலீங்க," என்றான் சென்னியப்பன், கீழே இருந்தபடியே. "உங்க வாசல்ல விழ வேண்டியதைச் சேர்த்து வெச்சிருந்தோமுங்க. வாசல் மறைஞ்சதும் விழுந்துக்கிட்டோம். மாப்ளதான் மொதல்ல விழணுமுன்னு அண்ணன் சொல்லிட்டாருங்க."

"சபை மரியாதை அம்மிணி," என்றார் அண்ணன்.

சுகந்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு, தலைக்கவசத்தைக் கீழே வைத்துவிட்டு, அவன் காலைப் பிடித்து விடுவிக்கக் குனிந்தாள்.

"சித்தெ பொறு அம்மிணி," என்று நாச்சிமுத்து தடுத்தார். "வரிசை இன்னும் முடியல."

அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். புளியமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார் செங்கோடன், சட்டையெல்லாம் தெப்பமாக நனைந்து, நாக்குத் தள்ளிப்போய்.

"அண்ணா," என்று ஈனசுரத்தில் கேட்டார், "இப்ப நான் விழலாமுங்களா?"